"சீப்" பட்ட பாடு

"புடவை ஜோராக இருக்கிறதே, என்ன விலை?" என்கிறாள் பக்கத்து வீட்டு அம்மாள். சொல்கிறீர்கள். "அட, ரொம்ப சீப்!" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். அது பாராட்டா, குத்தலா? அன்று முழுவதும் அடுப்படியில் உங்களுக்கு அதே யோசனை!

குற்றம் அந்த அம்மாளுடையது அல்ல; அந்த வார்த்தை அப்படி. ஆனால், பிறந்தபோது அது மிகக் கௌரவமான வார்த்தையாகத்தான் இருந்தது.

பழைய இங்கிலீஷில் 'சீப்' என்றால் வியாபாரம், பேரம் என்றுதான் அர்த்தம். விலை குறைவு என்ற பேச்சே கிடையாது. ரோமாபுரியில் சில்லறை வியாபாரிக்கும் விடுதிக்காரனுக்கும் 'காப்போ' என்று பெயர். வேர் அதுதான் என்கிறார்கள். டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனும் இந்தக் குடும்பம்தான்: வியாபாரிகளின் துறைமுகம் என்று பொருள்.

லண்டனில் 'சீப்சைட்' என்று ஒரு வீதி இருக்கிறது. மலிவுச் சரக்கு கிடைக்கும் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள்! அதற்குக் கடைவீதி என்றுதான் அர்த்தம். ரொட்டித் தெரு, பால் தெரு, தேன் சந்து என்று அதன் கிளைகளுக்குப் பெயர். அந்த ரொட்டித் தெருவில்தான் 1608-ல் மகாகவி மில்டன் பிறந்தார். பதினாறாம் நூற்றாண்டில் சீப்சைடில் வரிசையாக நின்றவை எவை தெரியுமா? பொற்கொல்லர் கடைகள்! 'சீப்' வீதியில் தங்க வியாபாரம்! 1666-ல் லண்டனைப் பொசுக்கிய பெருந்தீ இந்த வீதியையும் விட்டுவைக்கவில்லை.

சரி, கௌரவம் எப்படிப் போயிற்று? சகாயமாக ஒரு பொருள் அகப்பட்டால் 'குட் சீப்' என்பார்கள். அதாவது, நல்ல பேரம். பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் மலிவை 'நல்ல சந்தை' என்றுதான் சொல்கிறார்கள். இங்கிலீஷ்காரர்களோ பதினாறாம் நூற்றாண்டு வாக்கில் 'குட்'டை உதறிவிட்டார்கள். துணையிழந்த 'சீப்' முதலில் விலை குறைந்தது என்றாயிற்று. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் மட்டமானது என்றும் ஆகிவிட்டது. விலை இறங்கினால் மதிப்பும் இறங்கிவிடும் என்று நினைப்பது மனித சுபாவம் போலும்.

நம் தமிழ் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். மலிதல் என்றால் நிறைந்திருத்தல், பெருகுதல். பண்டம் பெருகியதால் வந்தது மலிவு; அதில் இழிவு ஏது?

காய்கறிக்காரியிடம் நீங்கள் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசும்போது, நாலடி தள்ளி நின்றுகொண்டு, "ஏன் இப்படி சீப்பாக நடந்துகொள்கிறாய்?" என்று உங்கள் வீட்டுக்காரர் முணுமுணுத்தால், "ஆமாம், வியாபாரம் பண்ணுகிறேன்" என்று தாராளமாகச் சொல்லுங்கள். அகராதி உங்கள் கட்சி.

இந்த வம்சத்தில் கௌரவம் இழக்காத பிள்ளையும் ஒன்று உண்டு. வியாபாரிக்குப் பழைய நாளில் 'சாப்மன்' என்று பெயர். அது 'சாப்' என்று குறுகி, முதலில் வாடிக்கைக்காரரைக் குறித்து, பிறகு 'ஆசாமி' என்ற பொதுப் பெயராகிவிட்டது. பழைய சிநேகிதரின் முதுகில் தட்டி, "ஓல்ட் சாப்!" என்று அழைக்கும் இங்கிலீஷ்காரர், தம்மை அறியாமலே, "வாரும் செட்டியாரே!" என்றுதான் சொல்கிறார்.