மெனுவின் தோன்றா எழுவாய்

'வெட்டு', 'ஒட்டு', 'நீக்கு' ஆகிய மெனுச் சொற்கள் ஏவல் வினைகள். ஏவப்படுவது யார் என்பதை அவை சொல்வதில்லை. 'வா' என்னும் ஏவலில் 'நீ' மறைந்து நிற்பதைத் தமிழிலக்கணம் தோன்றா எழுவாய் என்கிறது. மென்பொருள் எழுதுவோரும் மெனுக் கட்டளையின் எழுவாயைத் தோன்றாமலே விடவேண்டும் என்பது என் கருத்து.

இதை நான் இழப்பின் வழியே கற்றேன். களப்பணி உரையாடல்களுக்குக் குறிப்பெழுத, மேக் கணினிக்கு ஒரு சிறு செயலியை நானே எழுதினேன். அதில் 'நீக்கு' என்னும் கட்டளையை ஒலிப்பதிவுப் பட்டியலை ஆளும் பொருளோடு நேரடியாகப் பிணைத்திருந்தேன். ஒருநாள் குறிப்புப் பெட்டியில் பிழையான சொல் ஒன்றைத் தேர்ந்து 'நீக்கு' என்றேன். சொல் அப்படியே இருந்தது. பட்டியலில் தேர்வாகியிருந்த பதிவும் அதற்குரிய குறிப்புகளும் மறைந்தன. கணினி பிழை செய்யவில்லை. நான் எழுதிய நிரலில் 'நீக்கு' என்பது எப்போதும் பட்டியலையே விளித்தது.

மேக் செயலிகளுக்கு அடித்தளமான கோகோவில் ஒவ்வொரு மெனு உருப்படிக்கும் இரண்டு கூறுகள் உண்டு: அனுப்பவேண்டிய செய்தியின் பெயரான செயல், அதைப் பெறும் பொருளான இலக்கு. இலக்கை வெறுமையாக விட்டால், பெறுநரைக் கோகோவே தேடும். பயனர் அப்போது தட்டச்சு செய்துகொண்டிருக்கும் பொருளை முதலில் வினவும். பிறகு அதைத் தாங்கும் பார்வைகள், சாளரம் என மேலேறி, இறுதியில் செயலியை அடையும். அச்செய்தியை அறிந்த முதல் பொருள் அதனை நிறைவேற்றும். அறிந்த பொருள் ஒன்றுமே இல்லையெனில் அந்த மெனு உருப்படி தானாகவே மங்கிவிடும். கேட்பார் இல்லாத இடத்தில் ஏவல் எழுவதில்லை.

நிரலைப் படித்து மட்டும் பெறுநரை அறிய முடியாது, பிழை தேடுவது கடினம் என்பர் சிலர். உண்மைதான். செயலியின் அமைப்புகளைத் திறப்பதுபோல் என்றும் ஒரே பெறுநரை உடைய கட்டளைகளை நேரடியாகப் பிணைப்பதில் குற்றமில்லை. ஆனால் 'நீக்கு' அத்தகையதன்று. அதன் பொருள் சூழலால் மட்டுமே முடிவாகிறது.

மறைந்த எழுவாயைச் சூழல் நிரப்பும் என்று வகுப்பில் கற்பிக்கிறோம். ஆய்வுக் கருவிகளைத் தாமே எழுதத் தொடங்கும் மொழியியல் மாணவர்கள் அப்பாடத்தை நிரலிலும் கடைப்பிடிக்க வேண்டும். என்னைப்போல் ஒரு பதிவை இழந்த பிறகு கற்கவேண்டியதில்லை.