பனையை விற்கும் முன் வீட்டில் கேட்டீர்களா?

உடன்குடிக் கருப்பட்டியைச் செய்வது யார்? "பனை ஏறுகிறவர்" என்று சட்டென்று சொல்லிவிடுவோம். அது பாதிதான் சரி.

மரம் ஏறுவது கணவன். பாளை சீவுவது, கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவிக் கட்டுவது, பதநீர் இறக்குவது எல்லாம் அவன் வேலை. பதநீர் தரைக்கு வந்துவிட்டால் அது மனைவியின் கைக்குப் போகிறது. அன்றைக்கே காய்ச்ச வேண்டும். விட்டால் புளித்துவிடும். விடிலியில் அடுப்பு மூட்டி, புகைக்குள் உட்கார்ந்து, மணிக்கணக்காகக் கிண்டுகிறாள். பொங்கி வழிய வந்தால் ஆமணக்கு விதையைத் தட்டிப் போட்டு அடக்குகிறாள். பதம் பார்ப்பதும் அவளே. கொஞ்சம் முந்தினால் இளகும். கொஞ்சம் பிந்தினால் கருகும். பிறகு சிரட்டையில் ஊற்றி ஆற வைக்கிறாள்.

2023-ல் இந்தக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரில் பாதி அவளுடையது. பெயரில் பாதி உண்டு, சரி. குடும்ப முடிவில் பாதி உண்டா?

திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் பக்கத்துச் செம்மண் தேரியில் பல வீடுகளில் இல்லை. பருவம் பிறக்கும் முன்பே வியாபாரியிடம் கணவன் முன்பணம் வாங்கிவிடுகிறான். எவ்வளவு வாங்கினான், என்ன விலை பேசினான் என்பது மனைவிக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பணம் அடைகிற வரை அடுப்பில் வேகிறவள் அவள்தான். மழைக்காலத்தில் கருப்பட்டி விலை ஏறும். நாலு பெட்டியைப் பரணில் ஏற்றி வைத்தால் நல்ல காசு பார்க்கலாம். அது அவளுக்குத் தெரியும். வாக்குக் கொடுத்தாயிற்று, சரக்கு போயாக வேண்டும். அவளை ஒரு வார்த்தை முன்பே கேட்டிருந்தால் முன்பணத்தைப் பாதியோடு நிறுத்தியிருக்கலாமே!

மரத்தை வெட்டும் விஷயம் இன்னும் பெரியது. ஏற ஆள் இல்லை. மகன் துறைமுக வேலைக்கோ சென்னைக்கோ போய்விட்டான். "மரம் சும்மாதானே நிற்கிறது" என்கிறான் கணவன். செங்கல் சூளைக்காரர் லாரியோடு வருகிறார். பலன் கொடுக்க 15 வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்ட மரம் ஒரு காலையில் விழுந்துவிடுகிறது.

சும்மாவா நின்றது? மனைவியைக் கேட்டுப் பாருங்கள். ஓலை வெட்டிப் பெட்டி முடைந்தவள் அவள். விழுந்த பனங்கொட்டையைப் பொறுக்கி மண்ணில் புதைத்துப் பொங்கலுக்குக் கிழங்கு விற்றவள் அவள். அடுப்புக்கு மட்டையும் அங்கிருந்துதான் வந்தது. சில்லறை வருமானந்தான். ஆனால் பிள்ளைக்கு நோட்டும் பென்சிலும் வாங்கிய சில்லறை அது. மரம் விற்ற பணமோ கணவன் மடியில் இருக்கிறது.

பனை வெட்டக் கலெக்டரின் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அரசு அறிவித்தது. நல்ல காரியம். வீட்டில் இருப்பவளின் அனுமதி வேண்டும் என்று எந்த உத்தரவும் இல்லை!

பெண் சொல்வதெல்லாம் சரி என்று நாம் சொல்லவில்லை. பனையை மட்டும் நம்பாமல் ஓரமாக முருங்கை வைக்கலாம் என்று கணவன் நினைத்தால் அதிலும் நியாயம் உண்டு. முருங்கை சீக்கிரம் காசு தரும். ஆனால் தண்ணீர் விடுவது யார், காய் பறிப்பது யார்? அதைப் பேசித்தானே நட வேண்டும்? சில வீடுகளில் "இனி மரம் ஏற வேண்டாம்" என்று மனைவி கெஞ்சுகிறாள். அதையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

இந்தக் கரையில் முத்துக் குளித்த காலத்தில், கடலில் மூழ்குகிறவன் கயிற்றின் மறுமுனையை மைத்துனன் கையில்தான் கொடுப்பான் என்று இன்றும் சொல்வார்கள். தங்கையின் தாலிக்காக அவன் கயிற்றை விட மாட்டான் என்ற நம்பிக்கை. பனை ஏறுகிறவனுக்குக் கயிறு பிடிக்க யாரும் இல்லை. அவன் விழுந்துவிட்டால் குடும்பத்தைப் பிடிக்க வேண்டியவள் மனைவி. அவளுக்குப் பட்டா எங்கே இருக்கிறது என்று தெரியுமா? பாங்கிக் கடன் எவ்வளவு? பனைத் தொழிலாளர் நல வாரிய அட்டை எந்தப் பெட்டியில்? நிலம் இன்னும் மாமனார் பெயரிலேயே இருந்தால் எத்தனை நடை அலைய வேண்டும்!

2015-16 விவசாயக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 100 பண்ணைகளில் சுமார் 14-தான் பெண்கள் கையில் இருந்தன. தமிழ்நாட்டில் மகளுக்கும் பரம்பரைச் சொத்தில் பங்கு என்ற சட்டம் 1989-லேயே வந்தது. மகளுக்கு வழி பிறந்தது. கணவன் பெயரில் உள்ள நிலத்தில் மனைவி பெயரும் சேர, கணவனே மனம் வைக்க வேண்டும்.

புதிதாக நிலம் வாங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் நூற்றுக்கு ஒரு ரூபாய் குறைவு. பத்திரம் எழுதப் போகும் முன்பு இதை வீட்டில் பேசுங்கள்.

நிலம் வாங்காதவர்கள் ஒரு நோட்டு வாங்கலாம். வாங்கிய முன்பணம் ஒரு பக்கம், கொடுத்த கருப்பட்டி ஒரு பக்கம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதட்டும். நோட்டு அடுப்பங்கரையில் இருக்கட்டும்.