யார் கை உப்பு?

அக்கா பையன் போன மாதம் முதல் சம்பளம் வாங்கினான். அம்மாவுக்குப் புடவை, அப்பாவுக்குச் சட்டை, பிள்ளையாருக்குத் தேங்காய் என்று சம்பிரதாயங்கள் முடிந்ததும், மிச்சத்தோடு கொஞ்சம் கடனையும் சேர்த்துத் தன் கம்ப்யூட்டருக்கு ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிவிட்டான். விலையை இங்கே எழுத முடியாது. அக்கா இந்தப் பத்திரிகை படிக்கிறாள்.

எல்லாம் ஒரு வீடியோ கேமுக்காக. (பெயர் வேண்டாம்.) முதலில் அது கன்சோலுக்கு மட்டும் வந்தது. கன்சோல் என்றால் டி.வி.யில் மாட்டி, கையில் இரண்டு கொம்பு வைத்த ரிமோட் மாதிரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஆடுகிற பெட்டி. நண்பன் வீட்டில் ஆடிப் பார்த்திருக்கிறான். இப்போது அதே ஆட்டம் பி.சி.க்கும் வந்துவிட்டது. இவன் வாங்கிய கார்டோ அந்தப் பெட்டியைவிட பலசாலி. அப்படித்தான் அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்தரைக்கு போன்.

"மாமா, ஏமாந்துட்டேன் மாமா."

இருபத்திரண்டு வயசுப் பையன் இப்படி ஆரம்பித்தால் மாமன்காரனுக்கு வேறு என்னென்னவோ தோன்றும். நல்லவேளை, விஷயம் கார்டுதான். ஆட்டத்தில் கதவைத் திறந்து புது அறைக்குள் போனால் படம் அரை வினாடி உறைகிறது. வில்லன் வந்தால் உறைகிறது. முதல் தடவை தீப்பற்றினால் உறைகிறது. "கடைக்காரன் பழைய கார்டைத் தலையில கட்டிட்டான் மாமா. நாளைக்கு லீவு போட்டுட்டுப் போய் ரெண்டுல ஒண்ணு பார்க்கப் போறேன்."

"இருடா. அதே அறைக்கு ரெண்டாவது தடவை போனா?"

கொஞ்ச நேரம் மௌனம். "அப்ப ஒழுங்கா ஓடுது."

"லீவு போடாதே" என்றேன்.

இதற்குக் காரணம் சொல்லுமுன் என் அம்மாவின் சாம்பாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கல்யாணமான புதிதில் என் மனைவி குறிப்புக் கேட்டாள். அம்மா சொன்னாள், "ரெண்டு தம்ளர் பருப்பு, கொதி வந்ததும் ஒரு கை உப்பு, அப்புறம் அந்தக் கரண்டியால ரெண்டு பொடி." எந்தத் தம்ளர்? அம்மாவின் தம்ளர். யார் கை? அம்மா கை. எந்தக் கரண்டி? காம்பு வளைந்து சமையலறை ஆணியில் தொங்குகிறதே, அது. எங்கள் வீட்டில் அதே குறிப்பின்படி முதல் சாம்பார் வைத்த அன்று நான் ஆபீஸ் கேன்டீனில் சாப்பிட்டேன். குறிப்பில் தப்பில்லை. எழுதாமல் விட்ட விஷயங்களில்தான் சாம்பார் இருந்தது.

கன்சோலுக்கு கேம் எழுதுகிறவர்கள் என் அம்மா ஜாதி. ஒரே பெட்டி, ஒரே அளவு மெமரி, எல்லா வீட்டிலும் அதே கரண்டி. அதனால் பல விஷயங்களை எழுதிவைக்காமலே நம்பிவிடுகிறார்கள். பிறகு ஒரு நாள் முதலாளி வந்து "இதை பி.சி.க்கு மாத்துங்கப்பா" என்கிறார். பி.சி. என்பது ஊரில் இருக்கிற அத்தனை சமையலறையும்.

இது இன்று நேற்று வந்த தலைவலி இல்லை. 1990-ல் அமெரிக்காவில் லூசியானா மாநிலம் ஷ்ரீவ்போர்ட்டில் சாஃப்ட்டிஸ்க் என்று ஒரு கம்பெனி. அங்கே ஜான் கார்மாக், டாம் ஹால், ஜான் ரொமீரோ என்று மூன்று இளைஞர்கள் வேலை பார்த்தார்கள். அந்த வருஷம் அமெரிக்கா பூராவும் பையன்கள் நின்டென்டோ பெட்டியில் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3' ஆடிக்கொண்டிருந்தார்கள். மாரியோ ஓட ஓட, பின்னால் ஆகாயம், மேகம், செங்கல் எல்லாம் வழுக்கிக்கொண்டு நகரும். பி.சி.யில் அது முடியாது என்பது அன்றைய சாஸ்திரம்.

வேடிக்கை என்னவென்றால், நின்டென்டோவின் மூளை ஓடியது சுமார் 1.8 மெகாஹெர்ட்ஸில். ஆபீஸ்களில் இருந்த பி.சி.க்கள் அதைவிடப் பல மடங்கு வேகம். ஆனால் நின்டென்டோவில் படத்தை நகர்த்துவதற்கென்றே தனியாக ஒரு சிப் உண்டு. பி.சி.யில் அப்படி யாரும் இல்லை. அது கணக்குப்பிள்ளை வேலைக்காகச் செய்த மெஷின். முழுத்திரையையும் திரும்பத் திரும்ப வரையச் சொன்னால் மூச்சு வாங்கும்.

கார்மாக் கவனித்தது ஒரு சின்ன விஷயம். ஆகாயம் பூராவும் ஒரே நீலம். ஒரு கட்டம் நகர்ந்த பிறகும் பெரும்பாலான இடத்தில் அதே நீலத்தின்மேல் அதே நீலம்தான் வரப்போகிறது. பின் எதற்கு மெனக்கெட்டு வரையவேண்டும்? படத்தை எந்த இடத்திலிருந்து காட்டுவது என்ற முகவரியை மட்டும் தள்ளிவைத்துவிட்டு, மாறிய கட்டங்களை மட்டும் வரைந்தால் போதாதா? சுவருக்கு வெள்ளையடிக்கச் சொன்னால் அழுக்குப்பட்ட இடத்தில் மட்டும் அடிக்கிற ஆளைப் பார்த்திருப்பீர்கள். சோம்பேறி என்று திட்டியிருப்போம். இங்கே அதற்கு மேதை என்று பெயர்.

1990 செப்டம்பரில் ஒரு ராத்திரி. டாம் ஹால் மாரியோவை ஆடி, நிறுத்தி, ஆடி, நிறுத்தி முதல் கட்டத்தைச் செங்கல் செங்கலாகக் காப்பியடித்தார். பக்கத்தில் கார்மாக் புரோகிராம் எழுதினார். பொழுது விடிவதற்குள் முடிந்துவிட்டது. மாரியோ இருக்கவேண்டிய இடத்தில் ரொமீரோவின் பழைய கதாநாயகன் டேவ். ஃப்ளாப்பியை ரொமீரோவின் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். காலையில் அதைப் போட்டுப் பார்த்த ரொமீரோ, அன்றைக்கு ஆபீஸ் வேலை எதையும் தொட்டதாகத் தெரியவில்லை.

பிறகு அசல் மாரியோவையே பி.சி.யில் ஓடவைத்து நின்டென்டோவுக்கு அனுப்பினார்கள். நின்டென்டோ வேண்டாம் என்றுவிட்டது. எங்கள் ஆட்டம் எங்கள் பெட்டியில் மட்டும்தான். சரி போ என்று அதே உத்தியை வைத்து 'கமாண்டர் கீன்' என்று சொந்தமாக ஓர் ஆட்டம் செய்து அந்த டிசம்பரிலேயே வெளியிட்டார்கள். அடுத்த வருஷம் ஐடி சாஃப்ட்வேர் கம்பெனி. 1993-ல் 'டூம்'. மறுக்கப்பட்ட அந்த மாரியோ ஃப்ளாப்பி, நியூயார்க் மாநிலம் ராச்செஸ்டரில் இருக்கும் ஸ்ட்ராங் மியூசியத்தில் பத்திரமாக இருப்பது 2021-ல் தெரியவந்தது.

இந்த மாதிரி மாற்றும் வேலையின் கஷ்டம் எனக்கும் கொஞ்சம் தெரியும். நான் பார்த்த ஒரு கம்பெனியில் (இதற்கும் பெயர் வேண்டாம்) சம்பளப் பட்டியல் புரோகிராமைப் பழைய மெஷினிலிருந்து பி.சி.க்கு மாற்றினேன். கணக்கு அத்தனையும் பைசா சுத்தம். ஆனால் பழைய பிரின்ட்டர் ஒரு வரியில் 132 எழுத்து அடிக்கும். புதியது 80. அது எனக்கு உறைக்கவில்லை. முதல் தேதி எல்லோருடைய பிடித்தமும் ஒழுங்காக வந்து, கையில் கிடைக்கும் தொகை மட்டும் அடுத்தவர் பெயருக்கு நேராக இறங்கியிருந்தது. பியூன் ஒருவர் மேனேஜர் சம்பளத்தைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கேம்களில் இந்த 132-க்குப் பதில் ஃப்ரேம். திரையில் படம் ஒரு தடவை மாறினால் ஒரு ஃப்ரேம். கன்சோலில் வினாடிக்கு 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். புரோகிராமர் "ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கத்தி கொஞ்சம் தேயட்டும்" என்று எழுதிவிடுகிறார். பி.சி.யில் ஓடுவது 60. 2014-ல் வந்த 'டார்க் சோல்ஸ் 2'-ல் இதுதான் நடந்தது. பி.சி.க்காரர்களின் கத்தி இரண்டு மடங்கு வேகத்தில் தேய்ந்தது. காசு செலவழித்து நல்ல மெஷின் வாங்கியவன் கத்திதான் சீக்கிரம் உடைந்தது! சரிசெய்ய 2015 ஆகிவிட்டது.

அதற்கு முந்தைய 'டார்க் சோல்ஸ்' இன்னும் விசேஷம். பி.சி.க்கும் கொடுங்கள் என்று ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டு, 2012 ஆகஸ்டில் வாங்கினார்கள். எவ்வளவு பெரிய மானிட்டர் இருந்தாலும் உள்ளே படம் 1024-க்கு 720 புள்ளிதான். அதைப் பெரிதாக்கிக் காட்டும். நமக்கு ரேஷன் கடை மண்ணெண்ணெய் வரிசை ஞாபகம் வரும். ஆனால் பீட்டர் தோமன் என்கிற ஆஸ்திரியாக்காரர் (இன்டர்நெட்டில் அவர் பெயர் டுரான்டே) புலம்பவில்லை. வெளியான அன்றே அதை அவிழ்த்துவிடுகிற குட்டி புரோகிராம் ஒன்றை இலவசமாகக் கொடுத்துவிட்டார். பின்னாளில் சொந்தக் கம்பெனி வைத்து ஜப்பானிய ஆட்டங்களை பி.சி.க்கு மாற்றுவதையே தொழிலாக்கிக்கொண்டார். ஆபீஸில் குறை கண்டுபிடிக்கிறவர் தலையிலேயே அந்த வேலையைக் கட்டுவார்களே, அது மாதிரி. என்ன, இவருக்குக் காசு கிடைத்தது.

கை விஷயம் வேறு. 2007-ல் 'ரெஸிடென்ட் ஈவில் 4' பி.சி.க்கு வந்தபோது மவுஸ் வேலை செய்யவில்லை. குறிபார்த்துச் சுடும் ஆட்டத்தில்! எழுதியவர் கையில் இருந்தது கொம்பு ரிமோட். உங்கள் கையில் மவுஸ் இருக்கும் என்பது அவர் கனவிலும் இல்லை. இன்னும் சில ஆட்டங்கள் "ஏ பட்டனை அழுத்தவும்" என்று திரையில் காட்டும். அது ரிமோட்டில் இருக்கும் ஏ. நீங்கள் நல்ல பிள்ளையாக கீபோர்டில் ஏ அழுத்தினால் கதாநாயகன் இடப்பக்கம் நகர்ந்து பள்ளத்தில் விழுவான்.

எல்லாவற்றுக்கும் சிகரம் 2015 ஜூன் 23. 'பேட்மேன்: ஆர்க்கம் நைட்'. பி.சி. பதிப்பை வெளியே ஒரு கம்பெனியிடம் கொடுத்துச் செய்தார்கள். 30 ஃப்ரேமில் பூட்டு, அதிலும் திக்கல். இரண்டொரு நாளில் பி.சி. விற்பனையையே நிறுத்திவைத்து, அக்டோபர் கடைசியில்தான் திரும்ப விற்றார்கள். கன்சோலில் அதே பேட்மேன் ஜம்மென்று பறந்துகொண்டிருந்தார்.

சரி, நம்ம பையனின் கதவு.

சுவரில் வெளிச்சம் எப்படி விழவேண்டும், தீ எப்படிப் புகையவேண்டும் என்று கிராஃபிக்ஸ் கார்டுக்குச் சொல்கிற குட்டிக் குட்டி புரோகிராம்களுக்கு ஷேடர் என்று பெயர். பெரிய ஆட்டத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கும். கார்டு அதை அப்படியே படிக்காது. அதன் தாய்மொழிக்கு மாற்றித் தரவேண்டும். கன்சோலில் கார்டு ஒரே ரகம், அதனால் கம்பெனியிலேயே மொழிபெயர்த்து அனுப்பிவிடலாம். பி.சி.யில் என்வீடியா, ஏ.எம்.டி., இன்டெல், ஒவ்வொன்றிலும் பல தலைமுறை. எந்த வீட்டில் எது என்று யார் கண்டார்கள்? ஆகவே மொழிபெயர்ப்பு உங்கள் வீட்டில்தான் நடக்கும்.

எப்போது என்பதில்தான் சூட்சுமம். இந்த ஆட்டத்தில் கதவைத் திறந்த பிறகுதான் ஆரம்பிக்கிறார்கள். வினாடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 16 மில்லி வினாடிச் சொச்சம். மொழிபெயர்ப்பு அதற்குள் முடியாது. படம் உறைகிறது. முடிந்ததைச் சேமித்துவைப்பதால் இரண்டாம் தடவை ஒழுங்காக ஓடுகிறது. இலையில் உட்கார்ந்தபின் உலையில் அரிசி போடுகிற கதை. கார்டும் நல்ல கார்டு, கடைக்காரரும் நல்லவர்.

இன்னொரு வழி, ஆட்டம் துவங்குமுன்பே எல்லாவற்றையும் சமைத்துவிடுவது. 2023 மார்ச்சில் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' பி.சி.க்கு வந்தபோது அப்படித்தான் செய்தார்கள். ஆட்டம் வாங்கியவர்கள் முதலில் பார்த்தது ரொம்ப நேரம் நகராத ஒரு கோட்டை. போதாக்குறைக்கு பிளேஸ்டேஷன் 5-ல் 16 ஜி.பி. மெமரி ஒரே பந்தியாக இருக்கிறது. பி.சி.யில் மூளைக்குத் தனி இலை, கார்டுக்குத் தனி இலை. 8 ஜி.பி. கார்டு வைத்திருந்தவர்கள் ரொம்பவே திண்டாடினார்கள். அடுத்தடுத்துத் திருத்தங்கள் வந்தபின்தான் வழிக்கு வந்தது.

இவ்வளவையும் பையனுக்குப் பொறுமையாக விளக்கினேன். "அப்ப கார்டு நல்ல கார்டுதானே மாமா?" என்று மூன்று தடவை கேட்டான். மற்றது எதுவும் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. முதல் சம்பளம். அவன் கவலை அவனுக்கு.

இரண்டு வாரம் கழித்து அந்த ஆட்டத்துக்கும் திருத்தம் வந்தது. இனி முதலிலேயே சமையல். நேற்று அக்கா வீட்டுக்குப் போனபோது திரையில் ஒரு கோடு நகர்ந்துகொண்டிருந்தது. 71 சதவீதம். பையன் எதிரே கையைக் கட்டிக்கொண்டு பவ்யமாக உட்கார்ந்திருந்தான்.

"அரைமணியா அப்படியே இருக்கே, என்னடா பண்றது அது?" என்றாள் அக்கா.

"சமைக்கிறதும்மா."

"நானும்தான் சமைக்கிறேன். என்னிக்காவது இப்படி உக்காந்து பார்த்திருக்கியா?"

அவன் பதில் சொல்லவில்லை. 100 ஆனது, ஆடினான். புது அறை, புது வில்லன், புதுத் தீ. ஒரு இடத்தில்கூட உறையவில்லை. அவன் முகத்தைப் பார்க்கவேண்டுமே! நடுவில் திரையின் மூலையில் ஒரு அறிவிப்பு. கார்டுக்குப் புதிய டிரைவர் வந்திருக்கிறது, போடலாமா?

"டேய், அதைத் தொடாதே" என்பதற்குள் 'சரி'யை அழுத்திவிட்டான். டிரைவர் மாறினால் பழைய மொழிபெயர்ப்பு எதுவும் செல்லாது. ஆட்டத்தை மறுபடி திறந்தான்.

0 சதவீதம்.

"வாங்க, ரெண்டு பேரும் சாப்பிட" என்றாள் அக்கா.