கணக்கில் வராத புகை

நார்வேயில் 2024-இல் விற்பனையான புதிய கார்களில் ஏறத்தாழ 89 சதவீதம் மின்சாரக் கார்கள். பெட்ரோல், டீசல் கார்களுக்குக் கடும் வரியும் மின்சாரக் கார்களுக்குச் சலுகையும் தந்து, 1990-களிலிருந்தே அரசு காட்டிய பிடிவாதத்தின் பலன் இது. பாராட்டத்தான் வேண்டும். ஆனால், அந்நாட்டின் செழிப்பு எதிலிருந்து வந்தது என்பதையும் கேட்டாக வேண்டும்.

விடை: எண்ணெய். 2019-இல் உற்பத்தி தொடங்கிய, நார்வேயின் யோஹான் ஸ்வெர்ட்ரூப் எண்ணெய் வயலை எடுத்துக்கொள்வோம். அதன் கடல் மேடைகளுக்குக் கரையிலிருந்து கேபிள் வழியே மின்சாரம் போகிறது. அதில் பெரும்பகுதி நீர்மின்சாரம். எண்ணெய் எடுப்பதில் மாசு மிகக் குறைவு என்று அதை இயக்கும் ஈக்வினார் நிறுவனம் பெருமைப்படுகிறது. அந்நிறுவனத்தில் 67 சதவீதப் பங்கு அரசுக்குத்தான். நாளொன்றுக்கு 7 லட்சம் பீப்பாய்க்கு மேல் தந்த வயல் அது. அந்த எண்ணெய் வெளிநாட்டில் எரியும்போது எழும் கரியமில வாயு, ஐ.நா. விதிப்படி எரித்த நாட்டின் கணக்கில் ஏறுகிறது. லாபம் மட்டும் விற்றவருக்கு. தன் வீட்டில் மதுவைத் தொடவிடாமல் ஊருக்கெல்லாம் சாராயம் விற்பவரை யாரும் உத்தமர் என்பதில்லை.

உக்ரைன் போருக்குப் பின் ஐரோப்பாவுக்கு நார்வேயின் எரிவாயு தேவைப்பட்டது உண்மை. அது, இருக்கும் வயல்களை இயக்குவதற்கான நியாயம். ஆண்டுதோறும் புதிய தேடல் உரிமங்களை வாரி வழங்குவதற்கு அதைச் சாக்காக்க முடியாது. 2011-இல் கண்டறிந்த யோஹான் காஸ்ட்பெர்க் வயலில் எண்ணெய் வந்தது 2025-இல்தான். இன்றைய தட்டுப்பாட்டுக்கு நாளைய கிணறு எப்படி மருந்தாகும்?

பக்கத்து டென்மார்க் 2020-இல் புதிய உரிமச் சுற்றுகளை ரத்து செய்து, 2050-உடன் வடகடல் உற்பத்தியை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. அதன் அரசு நிறுவனமான டாங், 2017-இல் எண்ணெய், எரிவாயு வயல்களை விற்றுவிட்டு ஓர்ஸ்டெட் என்ற பெயரில் காற்றாலைக்கு மாறியது. ஆனால், விற்ற வயல்கள் வேறொரு நிறுவனத்தின் கையில் ஓடிக்கொண்டுதான் இருந்தன. நிறுவனங்கள் கைகழுவினால் போதாது, அரசே மூடும் தேதி குறிக்க வேண்டும் என்பதே இதிலுள்ள பாடம்.

டென்மார்க்குக்கு இழப்பு சிறிது என்பார்கள். நார்வேக்கோ கையிருப்பு பெரிது: சுமார் 56 லட்சம் மக்களுக்கு, எண்ணெய் வருவாயில் சேர்ந்த ஏறத்தாழ 20 லட்சம் கோடி குரோனர் நிதியம். இவ்வளவு வைத்திருப்பவரே நிறுத்தமாட்டார் என்றால், நைஜீரியாவிடம் நிறுத்தச் சொல்ல யாருக்குத் தகுதி உண்டு?

நார்வே செய்வது அறப்பிழை. புதிய உரிமங்களை அது உடனே நிறுத்தட்டும். கடைசி வயலை மூடும் ஆண்டை அறிவிக்கட்டும். எண்ணெய்த் தொழிலாளரின் மறுவாழ்வுக்கும், எண்ணெயைக் கைவிட வழியில்லாத ஏழை நாடுகளுக்கும் அந்த நிதியத்திலிருந்து பங்கு தரட்டும். சம்பாதித்தவரே முதலில் கடையைச் சாத்த வேண்டும்.