முதலில் ஒரு பக்கம், அதுவும் தமிழில்!

எஸ்.எஸ்.சி. தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில் திலக் நகரிலும் செம்பூரிலும் உள்ள நம் தமிழ்ப் பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "பிள்ளையை எந்தக் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்க்கலாம்?" வெப் டிசைனிங் என்ற பெயரில் மூன்று மாதம், ஆறு மாதம் என்று வகுப்புகள் நடக்கின்றன. கட்டணம் ஆயிரக்கணக்கில். முடிவில் ஒரு சான்றிதழ். அந்தச் சான்றிதழைப் பெற்ற பிள்ளையிடம், "நீயே செய்த ஒரு பக்கத்தைக் காட்டப்பா" என்று கேட்டுப் பாருங்கள். பலர் விழிப்பார்கள்.

பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை. நாம் அவர்களைத் தொடங்க வைக்கும் இடம் சரியில்லை. வலைத்தளம் அமைக்கக் கற்க விரும்புபவர், தமக்கோ தம் வீட்டாருக்கோ பயன்படும் ஒரே ஒரு பக்கத்தைத் தம் கையால் எழுதிப் பார்க்க வேண்டும். அந்த முதல் பக்கம் தமிழில் இருக்கட்டும். அதைக் கற்பிக்கும் இடம் நம் சங்கமாக இருக்கட்டும். இதுவே என் கருத்து.

"இதெல்லாம் கம்ப்யூட்டர் படித்தவர்கள் செய்ய வேண்டிய வேலை ஆயிற்றே" என்று சிலர் தயங்கலாம். தமிழ் இணையத்தின் தொடக்கத்தைப் பார்த்தால் அந்தத் தயக்கம் போய்விடும். 1995ஆம் ஆண்டு சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளில் இணையத்தில் ஏற்றப்பட்டபோது, அதில் தமிழும் இடம்பெறப் பாடுபட்டவர் நா. கோவிந்தசாமி. அவர் சிறுகதை எழுத்தாளர். தமிழாசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கி, உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களைக் கொண்டு பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கச் செய்தவர் முனைவர் கு. கல்யாணசுந்தரம். அவர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருந்த வேதியியல் ஆய்வாளர். இருவருமே தமிழகத்துக்கு வெளியே இருந்துகொண்டு, தேவை ஏற்பட்டதால் கற்றுக்கொண்டவர்கள்.

மும்பைக்கும் இணையம் தாமதமாக வரவில்லை. 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு வழங்கத் தொடங்கியபோது, முதல் நகரங்களில் மும்பையும் ஒன்று. மாட்டுங்காவும் தாராவியும் செம்பூரும் தமிழர்களால் நிறைந்த பகுதிகள். அப்படியிருந்தும் நம் வாழ்க்கையைப் பற்றி நாமே எழுதி வைத்த பக்கங்கள் எத்தனை?

இனி, கற்கும் முறைக்கு வருவோம். ஹெச்.டி.எம்.எல். என்றதும் பெரிய மந்திரம் என்று எண்ண வேண்டாம். நாம் எழுதும் வாசகத்தில் எது எது என்ன என்று அடையாளம் இட்டுக் காட்டும் முறை அது. கல்யாணப் பத்திரிகையை அச்சகத்தில் கொடுக்கும்போது இது மணமகள் பெயர், இது முகூர்த்த நேரம், இது மண்டபத்தின் முகவரி என்று குறித்துக் கொடுக்கிறோம் அல்லவா? அதுபோல இது தலைப்பு, இது பத்தி, இது படம், இது அடுத்த பக்கத்துக்கான இணைப்பு என்று குறிப்பதே ஹெச்.டி.எம்.எல். தாள் மஞ்சளா, எழுத்து சிவப்பா, பெயர் நடுவிலா என்று தீர்மானிப்பது சி.எஸ்.எஸ். பொத்தானை அழுத்தினால் கணக்குப் போட்டு விடை காட்டுவது போன்ற வேலைகளுக்கு ஜாவாஸ்கிரிப்ட். இந்த வரிசையிலேயே கற்பது நல்லது. முதல் இரண்டும் கைவராமல் மூன்றாவதற்குத் தாவுபவர்கள்தாம் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

இதற்குச் செலவு என்ன? பழைய கம்ப்யூட்டர் ஒன்று போதும். அதில் நோட்பேடும் ஒரு பிரவுசரும் இருந்தால், இணைய இணைப்பு இல்லாமலே முதல் பக்கத்தை எழுதிப் பார்த்துவிடலாம். டிம் பெர்னர்ஸ் லீ உருவாக்கிய வலை நுட்பத்தை, அவர் பணியாற்றிய செர்ன் ஆய்வுக்கூடம் 1993 ஏப்ரல் 30 அன்று எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்துவிட்டது. தமிழிலேயே படிக்க விரும்புவோருக்கு து. நித்யா எளிய தமிழில் எழுதி, கணியம் வழியாக வந்த நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. நம் பவாயில் உள்ள ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் பல கணிப்பொறிப் பாடங்களைத் தமிழ்க் குரலிலும் தருகிறது. எழுதி முடித்த பக்கத்தைக் கிட்ஹப் பேஜஸ் போன்ற இடத்தில் பணம் கட்டாமலே உலகத்தின் பார்வைக்கு வைக்கலாம்.

தமிழில் பக்கம் எழுதும்போது மட்டும் சில விஷயங்களில் கவனம் வேண்டும். 1990களில் ஆளுக்கொரு எழுத்துருவும் குறியீடும் வைத்துக்கொண்டு எழுதினார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் அப்பக்கங்கள் புரியாத கிறுக்கலாகத் தெரிந்தன. யூனிகோடு பரவிய பிறகே அந்தத் தொல்லை தீர்ந்தது. ஆகவே பக்கத்தின் தலைப்பகுதியிலேயே யு.டி.எஃப்.-8 என்று குறிப்பிட வேண்டும். மொழி தமிழ் என்பதையும் சொல்ல வேண்டும். கொம்பும் சுழியும் ஒன்றோடொன்று இடிக்காதபடி வரிகளுக்கிடையே சற்றுத் தாராளமாக இடம் விட வேண்டும். முக்கியமாக, விழா அழைப்பிதழைப் படமாக மட்டும் ஒட்டிவிட்டுப் போகக் கூடாது. படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் பார்வையற்றோருக்கான வாசிப்புக் கருவியால் சரிவரப் படித்துக் காட்ட முடியாது; தேடுவோர் கண்ணிலும் அது எளிதில் படாது.

"செயற்கை நுண்ணறிவு ஒரு நிமிடத்தில் பக்கம் எழுதிக் கொடுக்கும் இந்தக் காலத்தில் இதையெல்லாம் ஏன் கற்க வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். எழுதிக் கொடுக்கும், உண்மை. ஆனால் கொடுத்ததில் பிழை இருந்தால் கண்டுபிடிப்பது யார்? அடிப்படை தெரிந்தவனுக்கு அது நல்ல உதவியாள். தெரியாதவனுக்கு அது சொன்னதே வேதம். வேலைச் சந்தையில் ஆரம்ப நிலை வேலைகள் சுருங்கக்கூடும் என்பதையும் மறைப்பதற்கில்லை. அதனால்தான், சுவரில் மாட்டிய சான்றிதழை விட, "இது நான் செய்தது, ஒவ்வொரு வரியும் எதற்கு என்று என்னால் சொல்ல முடியும்" என்று காட்டக்கூடிய ஒரு பக்கத்துக்கு மதிப்பு அதிகம் என்கிறேன்.

இன்னொரு லாபமும் உண்டு. நம் பிள்ளைகளில் பலர் தமிழ் பேசுவார்கள், படிக்கத் தடுமாறுவார்கள். ஞாயிறு தமிழ் வகுப்பில் உட்காரச் சொன்னால் சலித்துக்கொள்ளும் பிள்ளைகூட, தான் தட்டிய தமிழ் வரி திரையில் பக்கமாக விரிவதைக் கண்டால் அடுத்த வரியையும் தட்டும்.

எதைப் பற்றி எழுதுவது? அதற்கும் பஞ்சமில்லை. திலக் நகரில் வீட்டுவசதி வாரியத்தின் பழைய கட்டடங்கள் பல இடிக்கப்பட்டு, உயர்ந்த கோபுரங்கள் எழுந்துவிட்டன. ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கிய குடும்பங்கள் திசைக்கொன்றாகப் போய்விட்டன. தாராவியிலும் மறுசீரமைப்பு என்ற சொல் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்கிறது. எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டு, எந்த வேலைக்காக இங்கே வந்தோம் என்பதைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். கட்டடம் போனபின் அதைக் கேட்க ஆள் இருக்காது. கேட்டாலும் சொல்ல ஆள் இருக்காது.

எனவே சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம், பன்னிரண்டு வாரம், இப்படி ஒரு வகுப்பு நடத்துங்கள். அலுவலகங்களில் ஒதுக்கிவிட்ட கம்ப்யூட்டர்கள் நான்கு கிடைத்தால் தொடங்கிவிடலாம். கணிப்பொறித் துறையில் வேலை பார்க்கும் நம் இளைஞர்கள் முறைவைத்து வந்து சொல்லித் தரலாம். ஒவ்வொரு பிள்ளையும் தன் தாத்தாவிடமோ பாட்டியிடமோ கேட்டறிந்து ஒரு பக்கம் எழுத வேண்டும். அவர்கள் சம்மதத்தோடு வெளியிட வேண்டும். முகவரி, தொலைபேசி எண் போன்றவற்றைச் சேர்க்கக் கூடாது. பெற்றோரும் கூடவே உட்காரலாம், கற்பதற்கு வயதில்லை.

பன்னிரண்டு வாரத்தில் எவரும் நிபுணர் ஆகிவிட முடியாது. ஆனால் இருபது பிள்ளைகள் சேர்ந்தால் இருபது குடும்பங்களின் கதை தமிழில் பதிவாகிவிடும். அடுத்த கட்டடம் இடிபடுவதற்கு முன் அந்த வேலையைத் தொடங்குவோம்.