கிஜ்ஜாவின் இரண்டு ஆட்டங்கள்

உருகுவே நாட்டின் வலதுபுற முன்கள வீரர் அல்சிடெஸ் கிஜ்ஜா 2015 ஜூலை 16ஆம் திகதி தமது 88ஆவது வயதில் காலமானார். சரியாக 65 ஆண்டுகளுக்கு முன், அதே திகதியில்தான் அவர் ரியோ டி ஜெனீரோவின் மரக்கானா மைதானத்தில் பிரேசிலை வீழ்த்திய கோலை அடித்தார். உலகப் பத்திரிகைகள் அவருடைய மறைவையொட்டி அந்த ஒரு கோலைப் பற்றியே எழுதின. அதில் தவறில்லை. ஆயினும், அவர் ஆடிய இன்னொரு ஆட்டத்தையும் அதனருகே வைத்துப் பார்ப்பதே நியாயம் என்பது என் கருத்து.

1950ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தில் இறுதி ஆட்டம் என்று ஒன்று இருக்கவில்லை. நான்கு அணிகள் மோதிய சுற்றின் கடைசி ஆட்டத்தில் பிரேசிலுக்குச் சமநிலையே போதுமானதாக இருந்தது. ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் கூடியிருந்தனர். ஆட்டம் தொடங்குமுன்பே ரியோ நகர முதல்வர் தம் அணியினரை வெற்றியாளர்கள் என வாழ்த்திவிட்டார். முதல் கோலும் பிரேசிலுக்கே கிடைத்தது. 66ஆவது நிமிடத்தில் வலதுபுறமாக ஓடிவந்த கிஜ்ஜா பந்தை நடுவே அனுப்ப, ஷியாஃபினோ கோலடித்தார். 79ஆவது நிமிடத்தில் கிஜ்ஜா மீண்டும் அதே வழியில் வந்தார். இம்முறையும் பந்து நடுவே வரும் என்றெண்ணிய பந்துக்காப்பாளர் பார்போசா சற்றே நகர்ந்தார். அவருக்கும் கம்பத்துக்குமிடையே விழுந்த இடைவெளியில் கிஜ்ஜா பந்தைச் செலுத்தினார். இரண்டுக்கு ஒன்று. பார்போசாவின் கணிப்பு மூடத்தனமானதன்று. எந்த நல்ல பந்துக்காப்பாளரும் அப்படித்தான் எண்ணியிருப்பார்.

1953இல் கிஜ்ஜா இத்தாலியின் ரோமா கழகத்துக்குச் சென்று எட்டு ஆண்டுகள் ஆடினார். அக்கால விதிகள் இடமளித்தமையால் இத்தாலிய தேசிய அணியிலும் இடம்பெற்றார். 1958 ஜனவரி 15ஆம் திகதி பெல்ஃபாஸ்ட் நகரில் வட அயர்லாந்துடன் உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டம். இப்போது சமநிலை போதுமானதாக இருந்தது இத்தாலிக்கு. தோற்றது இத்தாலி; அதுவும் அதே இரண்டுக்கு ஒன்று. அந்த ஆட்டத்தில் களத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர் கிஜ்ஜா. இருமுறை உலகக் கிண்ணம் வென்றிருந்த இத்தாலி அவ்வாண்டு சுவீடனுக்குச் செல்லவேயில்லை.

நான் படித்த இரங்கற் குறிப்புகள் பலவற்றில் பெல்ஃபாஸ்ட் என்ற சொல்லே இல்லை. அதற்காக நான் வருந்தவில்லை. ஒரு மனிதனின் சறுக்கலை மறப்பது நல்ல பண்புதான். ஆனால் அந்த மறதி பார்போசாவுக்கு ஏன் கிடைக்கவில்லை? பிரேசிலில் மிகக் கூடிய சிறைத்தண்டனையே 30 ஆண்டுகள்தான், தாமோ அதையும் தாண்டித் தண்டனை அனுபவிப்பதாக அவர் சொல்லி நொந்ததுண்டு. 2000ஆம் ஆண்டில் அந்தப் பழியோடுதான் அவர் இறந்தார். கிஜ்ஜாவையோ 2009 டிசம்பரில் மரக்கானாவுக்கே அழைத்து, அவர் பாதச் சுவட்டைப் பதித்துக் கௌரவித்தார்கள். தன்னைத் தோற்கடித்தவரை மதிக்கத் தெரிந்த நாட்டுக்குத் தன் சொந்தப் பந்துக்காப்பாளரை மன்னிக்க மனம் வரவில்லை.

இதில் என் தொழிலுக்கும் பங்குண்டு. தென் அமெரிக்காவில் மாலையில் நடக்கும் ஆட்டம் நம் நாட்டில் விடியும் வேளையில்தான் முடியும். அச்சு இயந்திரம் காத்திராது. வென்றால் ஒரு தலைப்பு, தோற்றால் ஒரு தலைப்பு என்று முன்கூட்டியே எழுதிவைத்தவன் நான். தோல்வித் தலைப்பில் எப்போதும் ஒரு பெயரைத் தேடுவோம். பதினொருவர் தோற்றார்கள் என்று எழுதினால் தலைப்பு சப்பென்றிருக்கும். ஒருவர் கைவிட்டார் என்றால் விற்கும். அப்படி நான் அவசரத்தில் எழுதிய பெயர்களை இன்று நினைத்துப் பார்க்கிறேன். அவர்களுள் எத்தனை பார்போசாக்களோ!