மலையுச்சியில் ஒரு தொலைபேசி அழைப்பு

கணினி விளையாட்டு என்றதும் பெற்றோர் பலர் முகஞ்சுளிப்பர். துப்பாக்கியும் குருதியும் வெற்றி வெறியுமே நம் கண்முன் வந்து நிற்கும். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். அண்மையில் ஒரு மாலை, நம் இல்லத்துச் சிறுவன் ஆடிக்கொண்டிருந்ததை அருகில் அமர்ந்து காணும் வாய்ப்புக் கிட்டியது.

'ஏ ஷார்ட் ஹைக்' என்பது அதன் பெயர். சிறியதொரு மலைநடை என்று பொருள். கனடா நாட்டவரான ஆடம் ராபின்சன்-யூ, பெரியதொரு விளையாட்டை ஆக்கும் பணியை ஒதுக்கி வைத்துவிட்டு, சில மாதங்களில் பெரும்பாலும் தனியொருவராகவே உருவாக்கி 2019-இல் வெளியிட்டது இது. 2020-இல், தனிப் படைப்பாளர்களின் விளையாட்டுகளுக்கான 'இண்டிபெண்டண்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவல்' விழாவில் பெரும் பரிசையும் பெற்றது. சுமார் இரண்டு மணி நேரத்தில் ஆடி முடித்துவிடலாம்.

கிளேர் என்னும் இளம் பறவை தன் அத்தையுடன் தங்கியிருக்கிறாள். முக்கியமான அழைப்பொன்றை எதிர்பார்த்திருக்கிறாள். அங்கோ அலைபேசிக்கு 'டவர்' கிடைப்பதில்லை. ஹாக் சிகரத்தின் உச்சிக்கு ஏறினால்தான் கிடைக்கும். கதை அவ்வளவே. பொன்னிறகுகளைச் சேர்க்கச் சேர்க்க, செங்குத்தான பாறையில் இன்னும் சற்று உயரம் பற்றி ஏற இயலும்.

எதிரிகள் இல்லை, கடிகாரம் துரத்துவதில்லை. பிடி நழுவினால் சிறகை விரித்து மிதந்து இறங்கலாம். வழியில் பலர் எதிர்ப்படுகின்றனர்: தலைப்பட்டையைத் தொலைத்துவிட்டுத் தவிக்கும் முயல், மணற்கோட்டை கட்டும் தவளை, ஓவியர் ஒருவர். அனைவருக்கும் உதவியாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. நம் சிறுவனோ ஒருவரையும் விடவில்லை. பின்னர்த் தூண்டிலை எடுத்துக்கொண்டு மீன் பிடிக்க அமர்ந்துவிட்டான். நமக்குத்தான் பொறுமை போயிற்று. பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் திரியும் பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்து வரும் வழக்கம் நம்மை விட்டு எளிதில் போகுமா?

"மேலே போகலாமே!" என்றோம்.

"போகலாம், அவசரமில்லை" என்றான்.

கிளேர் எதிர்பார்க்கும் அழைப்பு எத்தகையது என்பதை, உச்சியை அடையும்வரை இவ்விளையாட்டு நமக்குச் சொல்வதில்லை. பனி மூடிய சிகரத்தில் தொலைபேசி ஒலித்தது. பேசியவர் அவளுடைய தாய். அறுவை சிகிச்சை முடிந்து நலமாக இருப்பதாகக் கூறினார். அப்படியாயின், முயலிடமும் தவளையிடமும் பேசிச் சிரித்த வேளையிலெல்லாம் அச்சிறுமி இக்கவலையை நெஞ்சில் சுமந்தே திரிந்திருக்கிறாள்! அருகிலிருந்து பார்த்த நாம் அவள் வெறுமனே பொழுது போக்குவதாகவே நினைத்தோம்.

மேலெழும் காற்றில் கிளேர் சிறகை விரித்தாள். சிறுவன் திரையை விட்டுக் கண்ணெடுக்காமலே சொன்னான்: "போன வருடம் பாட்டியை மருத்துவமனையில் சேர்த்த இரவில் நானும் இப்படித்தான் விளையாடிக்கொண்டிருந்தேன்."

நமக்கு நினைவிருந்தது. 'பாட்டி அங்கே கிடக்க, உனக்கு விளையாட்டா?' என்று கடிந்து, கையிலிருந்ததைப் பிடுங்கி வைத்தவர்கள் நாமே.